மெஷின் கையெழுத்துப் போடாது



இது நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். நேரமில்லாதவர்கள் கடைசியில் இருக்கும் ஐந்து நிபந்தனைகளையாவது பார்த்துவிட்டுப் போங்கள்.

ஒரு கிழமையாக ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு போஸ்டர் சுற்றுகிறது. "ஏஐ தொழில்நுட்பத்தில் இலவச இருதயப் பரிசோதனை. 10 செக்கனில் முடிவு. டொக்டர் தேவையில்லை." மெஷினும் அதற்கான மென்பொருளும் வாங்க நிதி சேர்க்கிறார்கள். கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் உழைக்கும் நம் பிள்ளைகள் அள்ளிக் கொடுக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுடைய சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக. அவர்களுடைய நிய்யத்தில் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆனால் அந்தக் குழுவில் "முடிவை யார் பார்ப்பார்?" என்று ஒரு சகோதரர் கேட்டார். பதில் வரவில்லை. "ஊருக்கு நல்லது வந்தால் தடுக்க நாலு பேர் வருவாங்க" என்ற வொய்ஸ் மெசேஜ்தான் வந்தது. இரவு அவரைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள். குழுவில் கேட்க இடமில்லை என்பதால் இங்கே கேட்கிறோம்.

நாங்கள் யார்? போன வருடம் பாடசாலை மண்டபத்தில் இதேபோல் ஒரு முகாம் நடந்தது. அதில் கதிரை போட்டவர்கள், பெயர் எழுதியவர்கள், பெண்கள் பக்கத்தில் திரைச்சீலை பிடித்துக்கொண்டு நின்றவர்கள் நாங்கள். ஆசிரியைகள். எழுதுவது ஒரு கை. சொல்வது எல்லோரும் சேர்ந்து.

அன்று நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். மற்றவர்கள் மேல் பழி போடுவதற்காக அல்ல. அதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது.

அன்று வந்தவர்களில் ஒரு ராத்தா. ஐம்பதைத் தாண்டியவர். தையல் வேலை. சீனி வருத்தம் இருக்கிறது. சில மாதமாக முதுகில் ஒரு இறுக்கம், தண்ணீர் வாளி தூக்கினால் மூச்சு வாங்குகிறது என்றார். ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குத் துண்டு கொடுத்திருந்தார்கள். அடுத்த கிழமை போக வேண்டியது. பக்கத்திலேயே முகாம் என்றபடியால் இங்கே வந்தார். ஈசிஜி எடுத்தார்கள். திரையில் பச்சை எழுத்தில் "நோர்மல்" என்று வந்தது. நாங்கள்தான் அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தோம். "அல்ஹம்துலில்லாஹ், உங்களுக்கு ஒன்றுமில்லை ராத்தா" என்று சொன்னதும் நாங்கள்தான்.

அவர் கிளினிக்குக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்ட மகளிடம், "எனக்கு ஒண்டுமில்லையாம் புள்ள, மெஷின்லயே செல்லிட்டு" என்றாராம். மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு சுபஹு நேரம் வியர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மாரடைப்பு. உயிர் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இருதயத் தசையில் ஒரு பகுதி போய்விட்டது. இன்று அவரால் தையல் மெஷினின் பெடலைக் கால்மணி நேரம் மிதிக்க முடியாது.

பிறகு அவரைப் பார்க்கும் டொக்டரிடம் நாங்கள் கேட்டோம். அந்த மெஷின் பிழையா என்று. அவர் சொன்ன பதில் எங்களை அதிகம் சுட்டது. ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி, இரத்தக் குழாயில் அடைப்பு இருந்தாலும் நோர்மலாக வரலாம். அதனால்தான் டொக்டர்மார் ஈசிஜித் தாளை மட்டும் பார்க்காமல் ஆளைக் கேட்கிறார்கள். எங்கே வலி, எப்போது வருகிறது, நடந்தால் கூடுகிறதா, சீனி இருக்கிறதா, வாப்பாவுக்கு எந்த வயதில் வந்தது என்று. தேவைப்பட்டால் இரத்தம் சோதிக்கிறார்கள், எக்கோ எடுக்கிறார்கள், நடக்கவைத்துப் பார்க்கிறார்கள்.

ஆக, மெஷின் அந்த 10 செக்கனில் கண்டதைச் சொன்னது. "இந்தத் தாளில் பிழை தெரியவில்லை" என்பது அதன் பேச்சு. அதை "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று மாற்றிச் சொன்னது எங்கள் வாய். இந்த இரண்டு வசனத்துக்கும் இடையில்தான் ஒரு பெண்ணின் இருதயத் தசை போனது. இனி அந்த இடத்தை ஊர் வெறுமையாக விடக்கூடாது என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

ஏஐ கூடாது என்று நாங்கள் சொல்கிறோமா?

இல்லை. அப்படிச் சொன்னால் அது பொய்.

அமெரிக்காவின் மாயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2019 இல் ஒரு வேலையை வெளியிட்டார்கள். 44,959 பேரின் ஈசிஜியையும் எக்கோவையும் கொடுத்து ஒரு கணினிக்குப் பழக்கினார்கள். பிறகு அது பார்த்திராத 52,870 பேரில் சோதித்தார்கள். இருதயம் இரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்திருக்கிறதா என்பதை, எக்கோ இல்லாமல் வெறும் ஈசிஜியிலிருந்தே அது ஊகித்தது. பலம் குறைந்தவர்களில் நூற்றுக்கு சுமார் 86 பேரைப் பிடித்தது. மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அது பார்க்கிறது. இது அல்லாஹ் மனிதனுக்குக் கொடுத்த அறிவின் பலன். இதை மறுப்பதில் என்ன ஈமான் இருக்கிறது?

2021 இல் அதே மென்பொருளை உண்மையான கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தார்கள். 22,641 நோயாளிகள். அவர்களைப் பார்க்கும் டொக்டர் குழுக்களில் ஒரு பாதிக்கு ஏஐயின் முடிவைக் காட்டினார்கள், மறு பாதிக்குக் காட்டவில்லை. காட்டிய பக்கத்தில் 100 க்கு 2.1 பேருக்கு இந்தப் பலவீனம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. காட்டாத பக்கத்தில் 1.6. நல்ல முன்னேற்றம். ஆனால் அங்கே நடந்த முறையைக் கவனியுங்கள். ஏஐயின் முடிவு நோயாளி கைக்குப் போகவில்லை. அவரை ஏற்கெனவே தெரிந்த டொக்டரின் மேசைக்குப் போனது. டொக்டர் பார்த்தார், எக்கோவுக்கு அனுப்பினார், எக்கோ உறுதிப்படுத்தியது.

நம் போஸ்டரில் "டொக்டர் தேவையில்லை" என்று போட்டிருக்கிறது. அவர்கள் டொக்டருக்குத் துணையாகக் கண்டுபிடித்ததை, நாம் டொக்டருக்குப் பதிலாக வாங்கப் போகிறோம்.

ஒரு சின்னக் கணக்கு

டீச்சர்மார் என்றால் கணக்குப் போடாமல் விடமாட்டோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முகாமுக்கு 500 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 100 க்கு 2 பேருக்கு, அதாவது 10 பேருக்கு, இருதயப் பலவீனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெஷின் அந்த அமெரிக்க ஆய்வில் வேலை செய்த அளவுக்கே இங்கும் நன்றாக வேலை செய்கிறது என்றும் விட்டுக்கொடுப்போம். அந்த 10 பேரில் 8 அல்லது 9 பேரைப் பிடிக்கும். ஒருவரோ இருவரோ "நோர்மல்" தாளோடு வீட்டுக்குப் போவார்கள்.

மற்ற 490 பேருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவர்களில் 100 க்கு 14 பேருக்கு மெஷின் பிழையாகச் சிவப்புக் காட்டும். கிட்டத்தட்ட 70 பேர்.

அதாவது சிவப்புத் தாளோடு நடுங்கிக்கொண்டு வெளியே வரும் 78 பேரில் உண்மையில் வருத்தம் இருப்பது 9 பேருக்கு. இந்த 78 பேரையும் எங்கே அனுப்பப் போகிறோம்? எக்கோ எடுக்க எந்த வைத்தியசாலையோடு பேசியிருக்கிறோம்? அரச ஆஸ்பத்திரி வரிசை நமக்குத் தெரியும். பிரைவட்டில் எடுக்கக் காசில்லாத கூலிக்காரன் அந்தத் தாளைத் தலையணைக்குக் கீழ் வைத்துக்கொண்டு எத்தனை மாதம் தூங்காமல் இருப்பான்?

இன்னொன்று. இருதயப் பலவீனத்தைக் கண்டுபிடிக்கப் பழக்கிய மென்பொருள், குழாயில் அடைப்பு இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது. அது வேறு பாடம், வேறு பரீட்சை. கணக்குப் பாடத்தில் 86 எடுத்த பிள்ளை தமிழிலும் 86 எடுத்ததாக எந்த ஆசிரியரும் ரிப்போட் எழுதமாட்டார். "இருதயப் பரிசோதனை" என்று பொதுவாகப் போஸ்டர் அடிப்பவர்கள் இந்த மெஷின் எந்தப் பாடத்தில் பாஸ் பண்ணியது என்று முதலில் சொல்ல வேண்டும்.

யாருடைய இருதயத்தில் பழகியது?

மெஷின் தானாக எதையும் அறியாது. காட்டியதைப் படிக்கிறது. காட்டாததைப் படிக்காது.

இருதய ஆபத்தைக் கணக்கிடும் பழைய முறைகளில் பெயர் போனது அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948 இல் 5,209 பேரோடு தொடங்கிய ஆய்வு. உலகம் அதற்குக் கடன்பட்டிருக்கிறது. பிரஷர், கொலஸ்ட்ரோல், புகைத்தல் எல்லாம் இருதயத்தைக் கெடுக்கும் என்று உலகத்துக்குக் காட்டியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்த ஊர் மக்கள் பெரும்பாலும் வெள்ளையர்.

நம் பக்கம் எப்படி? 2007 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம், இலங்கை ஆகிய ஐந்து நாட்டு ஆட்களையும் மற்ற நாட்டாரையும் ஒப்பிட்டார்கள். முதல் மாரடைப்பு வந்த வயது மற்றவர்களுக்குச் சராசரியாக 58.8. நமக்கு 53. கிட்டத்தட்ட ஆறு வருடம் முந்தி. 45 வயதுக் காரருக்கு ஒரு வெளிநாட்டு மெஷின் "வயது குறைவு, ஆபத்து குறைவு" என்று சொன்னால் அதை எப்படி அப்படியே நம்புவது?

இது கற்பனைப் பயம் இல்லை. 2019 இல் சயன்ஸ் சஞ்சிகையில் ஒரு விஷயம் வெளியானது. அமெரிக்காவில் எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை என்று தெரிவு செய்ய ஒரு கணினி முறை வைத்திருந்தார்கள். யாருக்கு நோய் கூட என்று பார்க்காமல், யாருக்கு மருத்துவச் செலவு கூட என்று அது பார்த்தது. ஏழைக் கறுப்பினத்தவருக்கு வருத்தம் கூட இருந்தும் செலவு குறைவு. ஏனென்றால் அவர்கள் ஆஸ்பத்திரியை நெருங்க முடியவில்லை. மெஷின் அவர்களை "பரவாயில்லை" பக்கம் தள்ளியது. திருத்திக் கணக்கிட்டபோது, உதவிக்குத் தெரிவாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 வீதத்திலிருந்து 46.5 வீதமாக ஏறியது. யாரும் துவேசத்தோடு எழுதவில்லை. பிழையான கேள்வியைக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டினோமே, ஒட்சிசன் பார்க்கும் கருவி, அதிலும் இதே கதை. உண்மையில் ஒட்சிசன் குறைந்திருந்தும் கருவி "நல்லம்" என்று காட்டியது வெள்ளையரை விடக் கறுப்பினத்தவரில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று 2020 இல் கண்டுபிடித்தார்கள். கறுத்த தோல் அதற்கு வினையானது. வயலிலும் கடலிலும் கருகிய நம் தோலுக்கு அந்தக் கருவி எப்படி என்று அப்போது யாராவது கேட்டோமா?

அதனால் விற்க வருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. "எங்களைப் போன்ற ஆக்களில் இதைச் சோதித்தீர்களா? தாள் எங்கே?" என்பதுதான்.

பெண்கள் பக்கத் திரைக்குள்ளே

இதை எழுதலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் நிறையப் பேசினோம். எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

ஈசிஜிக்கு மார்பில் ஆறு இடத்தில் ஒட்ட வேண்டும். எந்த விலா எலும்புக்கு இடையில் என்று கணக்கு இருக்கிறது. தொட்டுப் பார்த்துத்தான் இடம் பிடிக்க வேண்டும். போன வருட முகாமில் என்ன நடந்தது? எடுக்க வந்தவர்கள் இரண்டு இளம் ஆண்கள். நம் பெண்கள் கூசினார்கள். கூசியது நியாயம். அந்தப் பிள்ளைகளும் கூசினார்கள். உடுப்பைச் சரியாக விலக்காமல், கைக்கு எட்டிய இடத்தில், ஒரு விரற்கடை மேலே, ஒரு விரற்கடை தள்ளி ஒட்டிவிட்டு எடுத்தார்கள். திரை பிடித்துக்கொண்டு நின்ற நாங்கள் பார்த்தோம். ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கும் அப்போது விளங்கவில்லை.

இடம் மாறி ஒட்டினால் கோடு மாறும். இல்லாத பழைய மாரடைப்பை இருப்பது போலக் காட்டலாம். இருப்பதை மறைக்கலாம். உலகத்திலேயே கெட்டிக்கார ஏஐயைக் கொண்டு வந்தாலும், பிழையாக ஒட்டி எடுத்த கோட்டைத்தான் அது வாசிக்கப் போகிறது.

பெண்களுக்கு மாரடைப்பு வரும் விதமும் பல நேரம் வேறு. சினிமாவில் போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழமாட்டார்கள். முதுகு, தோள், தாடை வலிக்கும். மூச்சு வாங்கும். வாந்தி வரும். களைப்பாக இருக்கும். வீட்டில் "காஸ்" என்று இஞ்சித் தண்ணி கொடுப்போம். அந்த ராத்தாவுக்கும் அதுதான் நடந்தது.

இருதயத்தைப் பற்றி அக்கறை இருந்தால், மெஷினுக்குச் சேர்க்கும் காசில் ஒரு பங்கை எடுத்து, பயிற்சி பெற்ற ஒரு பெண் தொழில்நுட்பவியலாளரை அழைத்து வாருங்கள். தைத்த துணியில் நாலு பக்கமும் மூடிய ஒரு அறை போடுங்கள். நம் பெண்களின் நாணத்தையும் உயிரையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியும். அதற்கு ஏஐ தேவையில்லை. கொஞ்சம் யோசனை போதும்.

தாள் யாரிடம் போகிறது?

முகாமில் நாங்கள் பெயர் எழுதினோம் என்றோமே. பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், என்ன வருத்தம், என்ன மருந்து. 300 பேருக்கு மேல். அந்தக் கொப்பி இன்று எங்கே? எங்களுக்குத் தெரியாது. அன்று பின்னேரமே சில தாள்களைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார்கள், "முகாம் வெற்றி" என்று. பெரிதாக்கிப் பார்த்தால் பெயர் வாசிக்கலாம்.

இந்த ஊரில் ஒரு குமர்ப் பிள்ளைக்கு "ஹார்ட்ல ஏதோ இருக்காம்" என்று ஒரு சொல் வெளியே போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. கலியாணம் பேசி வருகிற இடத்தில் அந்தச் சொல் முதலில் போய் உட்கார்ந்திருக்கும். அதுவும் மெஷின் பிழையாகக் காட்டிய 70 பேரில் அவளும் ஒருத்தியாக இருந்தால்?

ஒருவருடைய நோய் அமானிதம். அவர் நம்பிச் சொன்னது. இது நம் மார்க்கம் சொல்வது. நாட்டின் சட்டமும் அதையே சொல்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைச் சாதாரணத் தகவலாக வைக்கவில்லை, விசேடமான வகையாக வைத்திருக்கிறது. மென்பொருள் கொம்பனி நம் 500 பேரின் ஈசிஜியை எந்த நாட்டுக் கணினிக்கு அனுப்புகிறது, அதை வைத்து அடுத்த மெஷினைப் பழக்கி விற்கப் போகிறதா என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. இலவசம் என்று வாங்கும்போது நாம் எதைக் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

பிழைத்தால் யார் பொறுப்பு?

எங்கள் கேள்வி எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது.

ஒரு டொக்டர் தாளில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துகிறார் என்றால், அவருக்கு ஒரு பதிவு இலக்கம் இருக்கிறது. பிழைத்தால் போய்க் கேட்க ஓர் ஆள் இருக்கிறார். மருத்துவ சபையில் முறையிடலாம். நீதிமன்றம் போகலாம். மறுமையிலும் அவர் பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வைத்தியம் தெரியாமல் வைத்தியம் செய்து கெடுத்தவன் அதற்குப் பொறுப்பாளி என்பது நம் பிக்ஹில் பழைய சட்டம். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்பது அவனைத் தப்பவைக்காது.

மெஷின் கையெழுத்துப் போடாது. மென்பொருளை விற்றவன் "டொக்டர் பார்க்க வேண்டும், இது நோயை முடிவு செய்வதற்கல்ல" என்று பொடி எழுத்தில் எழுதிவிட்டுத் தப்பிவிடுவான். முகாம் நடத்தியவர்கள் "மெஷின் சொன்னது" என்பார்கள். தாளைக் கொடுத்த நாங்கள் "டீச்சர்மாருக்கு என்ன தெரியும்" என்போம். எல்லோரும் கை கழுவிய பிறகு மிஞ்சுவது அந்த ராத்தா மட்டும்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2021 இல் சுகாதாரத்தில் ஏஐ பற்றி ஆறு கொள்கைகளை வெளியிட்டது. அதில் பொறுப்புக்கூறலும் ஒன்று. மனிதர்களின் சுயமுடிவைப் பாதுகாப்பதும் ஒன்று. நாங்கள் ஏதோ கிராமத்துப் பயத்தில் புதிதாகக் கிளப்பும் கேள்வி இல்லை இது. உலகம் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி.

மூன்று பேருக்குப் பதில்

"ஊரில் இருதய டொக்டரே இல்லை. ஒன்றுமில்லாததற்கு இது பரவாயில்லைதானே?" என்று கேட்பவர்களுக்கு. உங்கள் வேதனை விளங்குகிறது. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ டொக்டர்மார் நாட்டை விட்டுப் போனார்கள். கிளினிக் வரிசை நீண்டது. ஆனால் அந்த ராத்தா முகாமுக்கு வராமல் இருந்திருந்தால் அடுத்த கிழமை கிளினிக்குக்குப் போயிருப்பார். ஒன்றுமில்லாததை விடப் பொய்யான ஆறுதல் ஆபத்தானது. டொக்டர் இல்லை என்றால் மெஷின் வாங்கும் அதே வேகத்தோடு டொக்டரைக் கேட்டு சுகாதாரப் பணிப்பாளரிடம் போங்கள். மெஷின் வந்துவிட்டது என்று சொல்லி அந்தக் கோரிக்கையை ஊர் கைவிட்டுவிடும் என்பதுதான் எங்கள் பயம். காசுள்ளவன் டொக்டரைப் பார்ப்பான், ஏழை மெஷினைப் பார்ப்பான் என்ற நிலையை நம் ஸதகா காசிலேயே கட்டி எழுப்ப வேண்டுமா?

"மௌத்து அல்லாஹ்வின் கையில், மெஷின் எல்லாம் எதற்கு, இது காபிர்களின் சூழ்ச்சி" என்று கொமெண்ட் போடுகிறவர்களுக்கு. உங்களோடும் நாங்கள் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல். இரத்தம் இருதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போய் இடப்பக்கம் வருகிறது என்று 13 ஆம் நூற்றாண்டில் எழுதியவர் கெய்ரோவில் வைத்தியம் பார்த்த இப்னு நபீஸ். அவருக்கு முன் ஆயிரம் வருடமாக கேலன் சொன்னதே வேதமாக இருந்தது. இருதயத்தின் நடுச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உண்டு, அதன் வழியே இரத்தம் போகிறது என்று. பெரிய பெயர் சொன்னது என்பதற்காக இப்னு நபீஸ் தலையாட்டவில்லை. அந்தச் சுவரில் ஓட்டை இல்லை என்றார். இருதய மருத்துவத்தில் நமக்கு விட்டுச் செல்லப்பட்ட பரம்பரை அது. அறிவைத் தேடு, ஆனால் பெரிய பெயருக்கு முன் புத்தியை அடகு வைக்காதே. இன்று கேலனின் இடத்தில் ஏஐ இருக்கிறது.

"நீங்கள் டீச்சர்மார், உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்பவர்களுக்கு. உண்மை, நாங்கள் டொக்டர்மார் இல்லை. ஆனால் தாளைக் கொடுக்கக் கூப்பிட்டபோது இந்தக் கேள்வி வரவில்லையே. தாளைக் கொடுக்கத் தகுதி இருந்த எங்களுக்கு, தாளைப் பற்றிக் கேட்கவும் தகுதி இருக்கிறது.

நிதி சேர்க்கும் சகோதரர்களிடம் ஐந்து நிபந்தனைகள்

1. மெஷின் என்ன சொன்னாலும், ஆளைக் கேட்டு, தாளைப் பார்த்து, பெயரும் பதிவு இலக்கமும் எழுதிக் கையெழுத்துப் போட ஒரு டொக்டர் இருக்க வேண்டும். மண்டபத்தில் இல்லாவிட்டால் தொலைவிலிருந்தாவது அன்றே பார்க்க வேண்டும். அவர் இல்லாமல் ஒரு தாளும் கையில் போகக்கூடாது. போஸ்டரிலிருந்து "டொக்டர் தேவையில்லை" என்ற வரியை இன்றே எடுங்கள்.

2. வாங்கப் போகும் சாதனம் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையில் பதிவானதா, எந்த வருத்தத்தைக் கண்டுபிடிக்கச் சோதிக்கப்பட்டது, யாரில் சோதிக்கப்பட்டது என்ற பத்திரத்தைக் காசு கொடுக்க முன் வாங்கிப் பள்ளி அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

3. சிவப்பு விழுபவரை எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்தக் கிளினிக்குக்கு, எத்தனை நாளுக்குள் அனுப்புவது என்று அந்த ஆஸ்பத்திரியோடு முதலே பேசி எழுத்தில் எடுங்கள். பச்சை விழுபவரின் தாளிலும் தமிழில் பெரிதாக எழுதுங்கள்: "இது முழுப் பரிசோதனை அல்ல. உங்களுக்கு வலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் கட்டாயம் டொக்டரைப் பாருங்கள். இருக்கும் கிளினிக்கை நிறுத்த வேண்டாம்."

4. பெண்களுக்குப் பெண் தொழில்நுட்பவியலாளர். மூடிய அறை. இது இல்லாவிட்டால் பெண்கள் பக்கத்தை நடத்தவே வேண்டாம். நாங்கள் திரை பிடிக்க வரமாட்டோம்.

5. தகவல் எங்கே போகிறது, எவ்வளவு காலம் இருக்கும், யார் பார்ப்பார் என்று தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, சம்மதம் வாங்குங்கள். சம்மதிக்காதவருக்கும் பரிசோதனை உண்டு என்று சொல்லுங்கள். முகாமில் போட்டோ எடுக்கத் தடை.

இந்த ஐந்தும் நடந்தால், இன்ஷா அல்லாஹ், முதல் ஆளாகக் கதிரை தூக்க நாங்கள் வருவோம். எங்கள் மாதச் சம்பளத்திலிருந்தும் ஒரு பங்கு தருவோம்.

இதோடு எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். நெஞ்சு இறுக்கம், கை தாடை முதுகு வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் ஈசிஜித் தாளைப் போட்டோ எடுத்து போனில் இருக்கும் ஏஐயிடம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். குழுவிலும் போடாதீர்கள். 1990 க்கு அடியுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் தசை சாகிறது. நீங்கள் டைப் பண்ணும் நேரமும் அதில் சேர்த்திதான்.

அந்த ராத்தா இப்போது பேரப்பிள்ளையைக் கூட்டிப்போகப் பாடசாலைக்கு வருவார். கேட்டிலிருந்து வகுப்பறைக்கு வர இரண்டு இடத்தில் நிற்பார். போன கிழமை எங்களைக் கண்டு சிரித்துக்கொண்டு கேட்டார், "என்ன புள்ள, அந்த மெஷின் திரும்ப வருதாமே, நானும் வரட்டா?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. ஏற்பாட்டாளர்களே, அவருக்கு என்ன சொல்வது என்று நீங்கள் சொல்லுங்கள். கொமெண்டிலேயே சொல்லுங்கள். ஊர் பார்க்கட்டும்.

நாங்கள் எழுதியதில் மருத்துவப் பிழை இருந்தால் படித்தவர்கள் திருத்துங்கள், ஏற்றுக்கொள்கிறோம். சரி என்று பட்டால் பகிருங்கள். அல்லாஹ் நம் எல்லோருடைய இருதயங்களையும் உடலாலும் ஈமானாலும் பாதுகாப்பானாக. ஆமீன்.